மின் கட்டணம் எகிறினால் எங்கே தேடுவது: அறிகுறிகளைக் கொண்டு காரணம் காணும் முறை

இரண்டு மாதத்திற்கு ஒருமுறை வரும் மின் கட்டணம் வழக்கத்தைவிட ஆயிரம், இரண்டாயிரம் கூடிவிட்டால், பெரும்பாலான வீடுகளில் முதலில் பழி விழுவது மீட்டரின் மேல்; அடுத்தபடியாக ஏ.சி.யின் மேல். இரண்டுமே காரணமாக இருக்கக்கூடியவைதான் என்றாலும், அந்த வரிசையில் தேடத் தொடங்கினால் வீண் அலைச்சலே மிஞ்சும். தமிழ்நாட்டு வீட்டு இணைப்புகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட இந்த வழிமுறையில், கண்ணுக்குத் தெரியும் அறிகுறி எதுவோ அதிலிருந்து தொடங்கிக் காரணத்தை நோக்கிப் போகலாம். மீட்டரின் முகப்பையும் பழைய ரசீதுகளையும் பார்க்கத் தெரிந்தால் போதும். எந்தப் பெட்டியையும் திறக்கவோ எந்த முத்திரையைத் தொடவோ வேண்டியதில்லை. முத்திரையை உடைப்பதும் மீட்டரில் கைவைப்பதும் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி குற்றம் என்பதால், ஆர்வக் கோளாறில் யாரும் அதைச் செய்துவிடக் கூடாது.

எதற்கும் முன்பாக ஒரு வேலை இருக்கிறது. மீட்டர் பெட்டியில் செருகியிருக்கும் வெள்ளை அட்டையிலிருந்தோ, மின் இணைப்பு எண்ணைக் கொடுத்து மின்வாரியத்தின் இணையதளத்திலிருந்தோ, கடந்த ஓராண்டின் கணக்கீடுகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். தேதி, ரீடிங், யூனிட், ரூபாய் என்று நான்கு கட்டங்கள். இந்த முறை வந்த யூனிட்டைப் போன முறையோடு ஒப்பிடுவதைவிட, போன ஆண்டு இதே மாதங்களில் வந்த யூனிட்டோடு ஒப்பிடுவதே சரி. மே மாத நுகர்வை ஜனவரியோடு ஒப்பிட்டால் எல்லா வீட்டு மீட்டரும் பழுதானதாகவே தோன்றும்.

யூனிட் கொஞ்சம்தான் கூடியிருக்கிறது, ரூபாய் மட்டும் எகிறிவிட்டது

இந்த அறிகுறி தென்பட்டால் வீட்டில் உள்ள எந்தச் சாதனத்தையும் சோதிக்க வேண்டாம். காரணம் கட்டண அமைப்பிலோ ரசீதிலோ இருக்கிறது.

முதல் சந்தேகம் 500 யூனிட் எல்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த கட்டணத்தை எடுத்துக்கொண்டால், இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் முடித்த வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு, 201 முதல் 400 வரை 4 ரூபாய் 70 காசு, 401 முதல் 500 வரை 6 ரூபாய் 30 காசு என்று கணக்கிடப்பட்டு மொத்தம் 1,805 ரூபாய் வரும். அதே வீடு 510 யூனிட் செலவழித்துவிட்டால், கூடுதலான 10 யூனிட்டுக்கு மட்டும் 8 ரூபாய் 40 காசு வீதம் சேர்த்து 84 ரூபாயோடு முடிந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் 500ஐத் தாண்டிய கணமே 2 ரூபாய் 35 காசு என்ற சலுகைப் படி மறைந்துவிடுகிறது. 101 முதல் 400 வரை முழுவதற்கும் 4 ரூபாய் 70 காசு விழுகிறது. ஆக மொத்தம் 2,124 ரூபாய். பத்து யூனிட்டுக்கு 319 ரூபாய் என்றால், ஒரு யூனிட்டின் விலை ஏறத்தாழ 32 ரூபாய் ஆகிறது. வீதங்கள் அவ்வப்போது மாறலாம்; கீழே வரும் கணக்குகளும் இதே 2024 கட்டணத்தில் போட்டவை. ஆனால் 500ஐத் தாண்டினால் கீழ்ப்படியின் சலுகை பறிபோகும் என்ற அமைப்பைப் புரிந்துகொண்டவர்கள், கணக்கெடுப்புக்குச் சில நாள் முன்பே மீட்டரைப் பார்த்து, போன ரீடிங்கிலிருந்து ஓடியது 480ஐத் தொட்டிருந்தால் கீசரையும் ஏ.சி.யையும் கொஞ்சம் அடக்கி வாசிப்பார்கள்.

கணக்கெடுக்கும் தேதி தள்ளிப்போவதும் இதே எல்லையில்தான் வந்து இடிக்கிறது. 60 நாளில் 490 யூனிட் ஓடும் வீட்டில் கணக்கீட்டாளர் நான்கு நாள் தாமதமாக வந்தால், நாளொன்றுக்கு எட்டு யூனிட் வீதம் 32 யூனிட் கூடி, கணக்கு 522இல் போய் நிற்கும். தேதிக் கட்டத்தை எழுதச் சொன்னதன் காரணம் இதுதான்.

எல்லைக்கும் தேதிக்கும் சம்பந்தமில்லை என்றால், ரசீதின் இதர வரிகளைப் பார்க்க வேண்டும். நுகர்வு கூடிய வீடுகளிடம் கூடுதல் வைப்புத்தொகை கேட்கும் நடைமுறை உண்டு. அது அந்த ஒரு கட்டணத்தோடு சேர்ந்து வருவதால், மின்சாரத்துக்கே இவ்வளவு என்று தவறாகத் தோன்றும். அது டெபாசிட் கணக்கில் சேருகிறது, செலவாகக் கரைந்துபோவதில்லை. முந்தைய நிலுவை, தாமதக் கட்டணம் ஆகியவையும் தனி வரியில் இருக்கும்.

அதோடு, ரசீதில் கட்டண வகை என்ன என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. வீட்டு உபயோகத்துக்கு உரியது 1-ஏ. புதிதாக வீடு கட்டிக் குடியேறியவர்கள், கட்டுமானத்துக்காக வாங்கிய தற்காலிக இணைப்பை வீட்டு இணைப்பாக மாற்ற மறந்துவிடுவது உண்டு. முன்பு கடையாக இருந்த அறையைக் குடியிருப்பாக்கிய பிறகும் அது வணிக இணைப்பாகவே நீடிப்பதும் உண்டு. இந்த இரண்டிலும் இலவச 100 யூனிட் கிடையாது, வீதமும் வேறு. வகை மாற்றத்துக்கு விண்ணப்பித்தால்தான் தீர்வு கிடைக்கும், தானாக எதுவும் மாறாது.

இரண்டு குடும்பம், ஒரே இணைப்பு

மாடியில் வாடகைக்கு விட்டுவிட்டுச் சப்-மீட்டர் வைத்திருக்கும் வீடுகளில் அடிக்கடி எழும் சண்டைக்குக் காரணம் இது. இரண்டு குடும்பமும் தலைக்கு 300 யூனிட் செலவழிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தனித்தனி இணைப்பாக இருந்தால் ஆளுக்கு 705 ரூபாய், இரண்டும் சேர்ந்து 1,410 ரூபாய். ஒரே இணைப்பில் ஓடினால் மின்வாரியத்தின் கணக்கில் அது 600 யூனிட் செலவழித்த ஒரே வீடு. கட்டணம் 2,880 ரூபாய். ஒரு சொட்டு மின்சாரம்கூட வீணாகாமலேயே தொகை இருமடங்கைத் தாண்டிவிடுகிறது. வீட்டுக்காரர் யூனிட்டுக்கு எட்டு ரூபாய் கேட்கிறார் என்று குடியிருப்பவர் குமுறுவதும், எனக்கே கையைக் கடிக்கிறது என்று வீட்டுக்காரர் சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். தனிச் சமையலறையும் தனி வாசலும் கொண்ட குடியிருப்பாக இருந்தால், அதற்குத் தனி இணைப்பு வாங்கிவிடுவதே ஒழுங்கான வழி.

யூனிட்டே ஒரே தடவையில் இரண்டு மடங்காகிவிட்டது

திடீர்த் தாவல் என்றால் சாதனங்களைவிடக் கணக்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மீட்டரில் பல எண்கள் மாறி மாறி ஓடும். வோல்ட், ஆம்பியர், உச்ச அளவு, தேதி எல்லாம் வந்துபோகும். அவற்றில் கே.டபிள்யூ.எச். (kWh, கிலோவாட் மணி) என்ற எழுத்துகளோடு நிற்கும் எண்தான் யூனிட். இன்றைய எண்ணைக் குறித்துக்கொண்டு ரசீதில் உள்ள ரீடிங்கோடு ஒப்பிட வேண்டும். ரசீது வந்து ஐந்து நாளான பிறகும் மீட்டரின் எண் ரசீதில் உள்ள எண்ணைவிடக் குறைவாக இருந்தால், எழுதியதில் பிழை என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை. செல்போனில் தேதி தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொண்டு மின்வாரியத்தின் பிரிவு அலுவலகத்துக்குப் போனால் பேச்சு எளிதாக முடியும்.

ரீடிங் சரிதான் என்றால், போன தடவை என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். கணக்கீட்டாளர் வந்தபோது கதவு பூட்டியிருந்தால் முந்தைய நுகர்வை வைத்துத் தோராயமாகப் போட்டுவிட்டு, அடுத்த முறை உண்மையான ரீடிங்கில் நேர்செய்வது வழக்கம். அப்படி நேர்செய்யும்போது நான்கு மாத யூனிட்டையும் இரண்டு கணக்கீட்டுக் காலங்களுக்குப் பிரித்துப் போட்டிருக்கிறார்களா என்பதைக் கவனிக்க வேண்டும். பிரிக்காமல் ஒரே காலத்தில் கொட்டினால் மேல்படி வீதம் அநியாயமாக விழும். 2020 பொதுமுடக்கத்தில் கணக்கெடுக்க ஆள் வராமல், பிறகு நான்கு மாதத்துக்கும் சேர்த்துப் பிரித்துப் போட்டபோது, முன்பு கட்டிய ரூபாயைக் கழிப்பதா யூனிட்டைக் கழிப்பதா என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. இந்தச் சின்னக் கணக்கில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதற்கு அது ஓர் உதாரணம்.

அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் இன்னொரு சோதனையும் தேவை. மாடிப்படிக்குக் கீழே வரிசையாகப் பத்து, பன்னிரண்டு மீட்டர் இருக்கும் பலகையில், உங்கள் கதவு எண் எழுதிய மீட்டர்தான் உங்களுடையது என்று நம்பிவிட வேண்டாம். வீட்டுக்குள் ஒருவர் மெயின் சுவிட்சை அணைக்க, கீழே ஒருவர் நின்று எந்த மீட்டரின் சிவப்பு விளக்கு துடிப்பதை நிறுத்துகிறது என்று பார்க்க வேண்டும். எதிர்வீட்டு மீட்டர் நின்றுபோனால் கட்டடம் கட்டிய காலத்திலேயே ஒயர்கள் இடம் மாறியிருக்கின்றன என்று பொருள். இத்தனை ஆண்டும் இரண்டு வீட்டுக்காரர்களும் ஒருவர் கணக்கை இன்னொருவர் கட்டிவந்திருப்பார்கள். ஒரு வீடு பூட்டிக்கிடந்து, மற்றதில் புதிதாக ஏ.சி. வந்த பிறகுதான் இது வெளிச்சத்துக்கு வரும். பொது மோட்டார், மாடிப்படி விளக்கு ஆகியவற்றின் ஒயர் ஏதோ ஒரு வீட்டு மீட்டரில் சொருகப்பட்டிருப்பதும் இதே சோதனையில் பிடிபடும்.

எல்லாவற்றையும் அணைத்த பிறகும் மீட்டர் விளக்கு துடிக்கிறது

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வீட்டில் இருப்பவரே பத்து நிமிடத்தில் செய்து, கையோடு விடை காணக்கூடிய சோதனை இது. மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரியும். அதன் அருகில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். ஒருமுனை (சிங்கிள் ஃபேஸ்) மீட்டர்களில் 3,200 என்பது பரவலான எண், 1,600ம் உண்டு. உங்கள் மீட்டரில் இருக்கும் எண்ணையே கணக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் விளக்கைப் பார்க்க வேண்டும். நல்ல மீட்டர் சுமையே இல்லாதபோது ஓடாது. மெயினை அணைத்த பிறகும் துடித்தால், மீட்டருக்கும் மெயினுக்கும் இடைப்பட்ட ஒயரில் கசிவு இருக்க வேண்டும், அல்லது அந்த இடைவெளியில் யாரோ இணைப்பு எடுத்திருக்க வேண்டும், அல்லது மீட்டரே கோளாறாக இருக்க வேண்டும். மூன்றுமே நாம் தொடக்கூடாதவை. பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டியவை.

துடிப்பு நின்றால், மெயினைப் போட்டுவிட்டு, வீட்டில் உள்ள எல்லாச் சாதனங்களையும் ரிமோட்டில் அணைக்காமல் சுவிட்சிலேயே அணைத்து, ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் உட்படப் பிளக்குகளைக் கழற்றிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். இப்போது விளக்கு பத்து விநாடிக்கு ஒருமுறை துடிக்கிறது என்றால், 3,200 துடிப்பு மீட்டரில் அது சுமார் 112 வாட். இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்தில் 162 யூனிட். ஒருவரும் அனுபவிக்காத மின்சாரம் அவ்வளவும். பிறகு, ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் தனியாக உள்ள எம்.சி.பி. சுவிட்சுகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே வந்தால், எதை இறக்கும்போது துடிப்பு நிற்கிறதோ அந்தச் சர்க்யூட்டில்தான் குற்றம். மழையில் ஊறிய தோட்ட விளக்கு, சுவருக்குள் ஆணி துளைத்த ஒயர், போர்வெல்லுக்குள் தோல் உரிந்த நீர்மூழ்கி மோட்டார் கேபிள், மொட்டை மாடி டேங்க்கின் தானியங்கிப் பெட்டி என்று பெரும்பாலும் ஈரத்தோடு சம்பந்தப்பட்ட இடமாகவே அது இருக்கும். அதற்கு மேல் உரிமம் பெற்ற ஒயர்மேனை அழைத்து மெக்கர் என்ற கசிவு சோதிக்கும் கருவியை வைத்துப் பார்க்கச் சொல்வதே முறை. கட்டணம் ஒரு பக்கம் இருக்க, கசிகிற மின்சாரம் குளியலறைக் குழாயில் வந்து நின்றால் அது உயிர்ப் பிரச்சினை. ஆர்.சி.சி.பி. என்ற கசிவுத் தடுப்புச் சுவிட்ச் இல்லாத வீடாக இருந்தால், இந்த வேலையோடு சேர்த்து அதையும் போட்டுவிட வேண்டும்.

மீட்டரில் எர்த் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது

துடிக்கும் விளக்கின் பக்கத்திலேயே எர்த் என்ற குறியுடன் இன்னொரு சிறு விளக்கு பல மீட்டர்களில் உண்டு. யாரும் அதைக் கவனிப்பதில்லை. கணக்கெடுக்க வருபவரும் அதைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போவது அரிது. நம் நாட்டில் பொருத்தப்படும் ஒருமுனை மின்னணு மீட்டர்கள், ஃபேஸ் ஒயரில் போகும் மின்னோட்டத்தையும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டத்தையும் தனித்தனியே அளந்து, இரண்டில் எது அதிகமோ அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டவை. மின் திருட்டைத் தடுப்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. இரண்டும் சமமாக இல்லாதபோது எர்த் விளக்கு எரியும்.

திருட்டு எதுவும் இல்லாத வீட்டில் இது எரிவதற்கு இரண்டு காரணங்களே பெரும்பாலும் இருக்கும். ஒன்று, மேலே சொன்ன கசிவு. மோட்டார் போடும்போது மட்டும் விளக்கு எரிந்தால் மோட்டார் கேபிளிலும், கீசர் போடும்போது மட்டும் எரிந்தால் கீசரின் காயிலிலும் கசிவு என்று நேராகவே முடிவுக்கு வரலாம். மற்றொன்று, நியூட்ரல் கலப்பு. கீழ்த்தளத்துக்கும் மாடிக்கும் தனித்தனி மீட்டர் இருந்தும், ஒயரிங் செய்தவர் ஏதோ ஒரு சந்திப்புப் பெட்டியில் இரண்டு வீட்டு நியூட்ரலையும் சேர்த்து முறுக்கிவிட்டால், மாடியில் ஓடும் ஏ.சி.யின் மின்னோட்டத்தில் ஒரு பங்கு கீழ்வீட்டு மீட்டரின் நியூட்ரல் வழியாகத் திரும்பும். மீட்டர் அதிகமானதையே எண்ணும் என்பதால், கீழ்வீட்டுக்காரர் விளக்கைக்கூடப் போடாமல் தூங்கினாலும் அவர் கணக்கில் யூனிட் ஏறும். இன்வெர்ட்டர் பொருத்தும்போது கைக்கு எட்டிய நியூட்ரலில் கொடுத்துவிட்டுப் போவதாலும் இதே கோளாறு வருகிறது. இன்வெர்ட்டர் மாட்டிய மாதத்திலிருந்துதான் கட்டணம் கூடியது என்று சொல்பவர்கள் பேட்டரியைத் திட்டுவதற்கு முன் இந்த விளக்கைப் பார்ப்பது நல்லது. சரிசெய்ய ஒயர்மேனுக்குப் பாதி நாள் வேலை. இரண்டு வீட்டு நியூட்ரலையும் பிரித்தாக வேண்டும் என்பதால் இரண்டு வீட்டுக்காரர்களும் ஒத்துழைக்க வேண்டியிருக்கும்.

கோடையில் மட்டும் எகிறுகிறது

ஏ.சி.தான் காரணம் என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. பழைய ஒன்றரை டன் ஏ.சி. ஓடும்போது ஏறத்தாழ 1,600 வாட் இழுக்கும். இரவு எட்டு மணி நேரத்தில் கம்ப்ரசர் அறுபது சதவீத நேரம் ஓடினாலும் ஓர் இரவுக்கு ஏழரை யூனிட்டுக்கு மேல். இரண்டு மாதத்தில் 460. மற்ற செலவெல்லாம் சேர்வதற்கு முன்பே 500ஐ நெருங்கியாகிவிட்டது. ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் ஏ.சி. இதில் ஏறத்தாழப் பாதியில் முடித்துவிடும். வாங்கும்போது நட்சத்திரத்தை மட்டும் எண்ணாமல், ஏ.சி.யின் மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திரப் பட்டியில் அச்சிட்டிருக்கும் ஆண்டு யூனிட்டைப் பார்க்க வேண்டும். அது ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடுவதாக வைத்துக் கணக்கிட்ட எண். வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. 18இல் வைத்துவிட்டுப் போர்வை போர்த்துக்கொள்வதற்குப் பதிலாக, 26இல் வைத்து ஃபேனைச் சுழலவிட்டால் அதே உறக்கம்தான் வரும்.

போன கோடையில் இல்லாத உயர்வு இந்தக் கோடையில் என்றால் வடிகட்டியில் அடைந்த தூசு, வெளிப்பெட்டியின் பின்புறத்தை ஒட்டி அடுக்கிய சாமான்கள், குறைந்துபோன வாயு என்ற வரிசையில் பார்க்க வேண்டும். போட்டு அரை மணி நேரமாகியும் கம்ப்ரசர் ஒருமுறைகூட ஓயாமல் ஓடுவதும் அறை குளிராமல் இருப்பதும் வாயு குறைந்ததன் அடையாளம்.

கணக்கெடுப்பு மாதம் எது என்பதும் கோடைக் கட்டணத்தைத் தீர்மானிக்கிறது. இதை யாரும் யோசிப்பதில்லை. சாதாரண மாதத்தில் 150 யூனிட், ஏப்ரலிலும் மேயிலும் மட்டும் மாதம் 350 யூனிட் செலவழிக்கும் இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். முதல் வீட்டுக்கு ஏப்ரல், மே இரண்டும் ஒரே கணக்கில் விழுந்து 700 யூனிட் ஆகி 3,825 ரூபாய் வரும். முன்னும் பின்னும் தலா 705 ரூபாய். ஆறு மாதத்துக்கு 5,235. இரண்டாம் வீட்டுக்கு மார்ச்சும் ஏப்ரலும் ஒன்று, மேயும் ஜூனும் ஒன்று எனப் பிரிவதால் 500, 500 என்று எல்லையிலேயே நின்று, அதே 1,300 யூனிட்டுக்கு 4,315 ரூபாயில் முடிந்துவிடும். 920 ரூபாய் வித்தியாசத்துக்கு வீட்டில் இருப்பவர்கள் யாரும் பொறுப்பில்லை. பக்கத்து வீட்டோடு ஒப்பிட்டுக் குழந்தைகளைக் கடிந்துகொள்ளும் முன் இதையும் கணக்கில் கொள்ளலாம்.

முறைக்கு முறை இருபது, முப்பது யூனிட் ஏறிக்கொண்டே போகிறது

மெதுவான ஏற்றம் என்பது ஏதோ ஒரு சாதனம் தேய்ந்துவருவதைக் காட்டும். மிக்சி, கிரைண்டர், டி.வி. ஆகியவற்றை விட்டுவிடலாம், நிமிடக் கணக்கில் ஓடுபவையும் நூறு வாட்டுக்குள் முடிபவையும் கட்டணத்தை இப்படி உயர்த்துவதில்லை. நாள் முழுவதும் ஓடுபவற்றையும், ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுப்பவற்றையும் மட்டும் பார்த்தால் போதும்.

ஃபிரிட்ஜின் கதவு ரப்பர் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு பத்து ரூபாய்த் தாளைக் கதவுக்கு இடையில் வைத்து மூடி இழுக்க வேண்டும். தாள் பிடிமானமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. சுற்றிலும் நான்கைந்து இடங்களில், குறிப்பாகக் கீழ் மூலையில், இப்படிப் பார்க்க வேண்டும். இரவில் வீடு அடங்கிய பிறகு அரை மணி நேரம் கவனித்தும் கம்ப்ரசர் ஓய்வே எடுக்காவிட்டால், தெர்மோஸ்டாட்டோ வாயுவோ மெக்கானிக் பார்க்க வேண்டிய நிலையில் இருக்கிறது.

தண்ணீர் மோட்டாரைப் பொறுத்தவரை கடிகாரமே போதுமான கருவி. மேல்நிலைத் தொட்டி முன்பு இருபது நிமிடத்தில் நிரம்பியது, இப்போது நாற்பது நிமிடம் ஆகிறது என்றால் மின்சாரமும் ஏறத்தாழ இருமடங்கு. நிலத்தடி நீர்மட்டம் இறங்கியது, இம்பெல்லர் தேய்ந்தது, ஃபுட் வால்வு ஒழுகுவது என்று காரணங்கள் பல. நேரம் கூடாமல் தடவைகள் மட்டும் கூடியிருந்தால் மோட்டாரில் குறையில்லை. ஃபிளஷ் தொட்டியிலோ சம்ப்பின் மிதவை வால்விலோ தண்ணீர் ஓசையில்லாமல் வழிந்துகொண்டிருக்கும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் எடுக்கும் என்பதால், நாளுக்கு அரை மணி நேரம் கூடினாலே இரண்டு மாதத்தில் 30 யூனிட் சேர்ந்துவிடும்.

இன்வெர்ட்டர் பேட்டரி நான்கைந்து ஆண்டைத் தாண்டியிருந்து, அடிக்கடி டிஸ்டில்டு வாட்டர் கேட்டு, தொட்டால் சூடாக இருந்தால், அது நிறையாமலேயே சார்ஜ் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். இடைவிடாத 60 வாட் என்பது இரண்டு மாதத்தில் 86 யூனிட். மின்வெட்டே இல்லாத மாதத்திலும் இந்தச் செலவு நிற்காது.

கீசரை நாள் முழுவதும் போட்டே வைக்கும் பழக்கம் இருந்தால், யாரும் குளிக்காமலேயே சூட்டைத் தக்கவைப்பதற்கென்று நாளுக்கு ஒரு யூனிட் வரை போகும். பழைய 75 வாட் மின்விசிறி நாளுக்குப் பதினாறு மணி நேரம் சுற்றினால் இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். பி.எல்.டி.சி. எனப்படும் குறைந்த மின்சாரத்தில் சுற்றும் 28 வாட் மின்விசிறிக்கு 27. ஹாலில் ஓயாமல் சுற்றும் ஒன்றை மட்டும் மாற்றினாலே பலன் தெரியும். விருந்தினர் அறையில் இருப்பதை மாற்றிப் பயனில்லை.

பிளக்கில் செருகினால் கட்டணம் முப்பது சதவீதம் குறையும் என்று விற்கப்படும் சிறு பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. உள்ளே இருப்பது ஒரு கெப்பாசிட்டரும் ஒரு பச்சை விளக்கும். வீட்டு இணைப்பில் கட்டணம் கிலோவாட் மணிக்குத்தான் என்பதால், கெப்பாசிட்டர் திறன் காரணியை (இழுக்கும் மின்னோட்டத்தில் எவ்வளவு வேலைக்குப் பயன்படுகிறது என்ற விகிதத்தை) திருத்துவதால் யூனிட் குறையாது. விளக்கு எரியும் செலவு வேறு.

எல்லாம் பார்த்தாயிற்று, மீட்டர்தான் வேகமாக ஓடுகிறது

இந்த முடிவுக்குக் கடைசியாகத்தான் வர வேண்டும். வந்துவிட்டால் உறுதிசெய்துகொள்ள எளிய வழி உண்டு. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, 1,000 வாட் வாட்டர் ஹீட்டர் ராடைத் தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் வாளியில் இறக்கி, அதன் பிறகு சுவிட்சைப் போட வேண்டும். சுவிட்ச் போட்டிருக்கும்வரை தண்ணீரையோ வாளியையோ யாரும் தொடக் கூடாது. 3,200 துடிப்பு மீட்டரில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 53 துடிப்பு வர வேண்டும். மின்னழுத்தம் 230 வோல்ட்டுக்குப் பதில் 210ஆக இருந்தால் ராடு இழுப்பதே குறைந்து 44 துடிப்புதான் வரும். எனவே மீட்டரில் அப்போது தெரியும் வோல்ட்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். ராடின் திறனில் சிறு வித்தியாசம் இருக்கும் என்பதால் 50, 56 என்று வந்தால் அதில் பொருட்படுத்த ஒன்றுமில்லை. 70, 80 என்று எண்ணிக்கை போனால் சந்தேகத்துக்கு இடமுண்டு. மீட்டருக்கு அனுமதிக்கப்பட்ட பிழை ஒரு சதவீத அளவுதான் என்பதால், அவ்வளவு வேகம் என்பது அபூர்வம். ராடை மாற்றி இன்னொரு முறையும் பார்த்துவிடுவது நல்லது.

பிறகு பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் மீட்டரைச் சோதிக்கக் கோரி எழுத்து மூலம் விண்ணப்பித்து, உரிய கட்டணத்தைச் செலுத்தி, ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவது எந்தக் கணக்கிலும் சேராது. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணில் பதிவுசெய்தால் புகார் எண் கிடைக்கும். விண்ணப்பத்தில் அந்த எண்ணையும் குறிப்பிடலாம். மாதக்கணக்கில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ, அந்தந்த மின் பகிர்மான வட்டத்தில் உள்ள மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கும், அதன் முடிவின் மேல் சென்னையில் உள்ள மின்குறை தீர்ப்பாளருக்கும் போகலாம். விண்ணப்பத்தோடு ஓராண்டுக் கணக்கீட்டுத் தாள், தேதியுள்ள மீட்டர் படங்கள், துடிப்பு எண்ணிய குறிப்பு மூன்றையும் இணைத்தால், எதிரே இருப்பவர் வழக்கமான பதிலைச் சொல்லி அனுப்பிவிட முடியாது. விசாரணை நடக்கும் காலத்தில் கட்டணத்தைக் கட்டாமல் நிறுத்திவைத்தால் இணைப்பைத் துண்டிக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஆகவே ஆட்சேபத்தைப் பதிவுசெய்துவிட்டுக் கட்டணத்தைக் கட்டிவிட வேண்டும். மீட்டர் தவறு என்று உறுதியானால் கூடுதலாகக் கட்டியது அடுத்த கணக்குகளில் ஈடுசெய்யப்படும்.